அண்ணியின் கடைவாய்ப் பல்

என் அண்ணனுக்கு ஊரில் வைத்த பெயர் சக்கரம். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று யாரோ ஒருநாள் சொல்லப்போக, அதுவே நிலைத்துவிட்டது. மற்ற மாதங்களில் அதை விளையாட்டாகச் சொல்லலாம். சோளம் முற்றி, ரோட்டோர மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்குகிற அந்த மூன்று வாரங்களில் அது விளையாட்டில்லை. டீயை நின்றபடியே குடிப்பான். பாதியில் எதையோ நினைத்துக்கொண்டு டம்ளரை அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவான். டிராக்டர் மட்கார்டு மேல் ஒன்று, கிணற்றுச் சுவர்மேல் ஒன்று, ஒருமுறை கோழிக்கூண்டுக்குள் ஒன்று. அறுவடை முடிந்த மறுநாள் அண்ணி ஒரு கூடையை எடுத்துக்கொண்டு டம்ளர் பொறுக்கக் கிளம்புவாள்.

நான் அவனுடைய தங்கை. டவுனில் ஒரு பல் டாக்டரிடம் வேலை. டோக்கன் கொடுப்பேன், போன் எடுப்பேன், அழுகிற பெரியவர்களைச் சமாதானப்படுத்துவேன். குழந்தைகள் அவ்வளவாக அழுவதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்பவர்களுக்கு அண்ணனைக் கைகாட்டிவிடுவேன். வருஷா வருஷம் அறுவடைக்கு லீவு போட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்கு வந்துவிடுவது வழக்கம். அண்ணனுக்காக இல்லை, அண்ணிக்காக.

அவர்களுக்கு ஏழு ஏக்கர். ஒரு பழைய அறுவடை மிஷின், அதைவிடப் பழைய டிராக்டர், வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு உயரமான தகரக் குதிர். அந்தக் குதிருக்குள் போகிற சோளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு போட்டு மூடினால் உள்ளே சூடேறும், பூஞ்சை பிடிக்கும். பிறகு திறந்தால் ஒரு வருஷத்து உழைப்பு கட்டி கட்டியாகக் கருத்து நாறும். நாலு வருஷத்துக்கு முன்னால் அப்படி நாறியது. அந்த வருஷம் அண்ணன் தானியத்தின் ஈரம் பார்க்கிற கருவி ஒன்றை வாங்கி வந்திருந்தான். கருவி காய்ந்துவிட்டது என்றது. அண்ணி நாலு சோள மணியை இடது கடைவாயில் போட்டுக் கடித்துவிட்டு இல்லை என்றாள். அண்ணன் கருவியை நம்பி அறுத்தான். அதற்குப் பிறகு கருவி பீரோவின் அடித்தட்டுக்குப் போனது. அன்றிலிருந்து அண்ணி கடித்துச் சொன்னால்தான் மிஷின் கிளம்பும்.

காய்ந்த மணி டக்கென்று உடையும், ஈர மணி நசுங்கும். இது எல்லோருக்கும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் நாலைந்து நாள் வருகிறதே, அதுதான் சிக்கல். அந்த நாட்களில் உடைகிற மாதிரி உடைந்து ஏமாற்றும். அண்ணனும் கடித்துப் பார்த்திருக்கிறான். அவன் இருக்கிற அவசரத்துக்கு எதைக் கடித்தாலும் காய்ந்தது போலத்தான் இருக்கும். நானும் கடித்தேன், எனக்குச் சோளம் சோளமாகத்தான் இருந்தது. அண்ணியின் இடது கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு மட்டும் அது தெரிந்தது.

அந்தப் பல்லைத்தான் இந்த வருஷம் அறுவடைக்கு இருபது நாள் முன்னால் எங்கள் டாக்டர் பிடுங்கினார்.

அண்ணி நாற்காலியில் படுத்துக்கொண்டு, "இன்னும் ஒரு மாசம் தள்ளிப் போட முடியாதா டாக்டர்?" என்று கேட்டாள்.

"வேர் வரைக்கும் போயிருச்சும்மா. விட்டா தாடையே வீங்கிடும்" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஒரு பல்லு போனா சொல்லு போயிடாது. பயப்படாதீங்க."

அவருக்கு எங்கள் வீட்டு விவகாரம் என்ன தெரியும்? வலிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். பல்லைப் பிடுங்கி வாயில் பஞ்சை வைத்து அடைத்திருந்ததால் அண்ணியால் பேச முடியவில்லை. என் மேசையிலிருந்து ஒரு டோக்கன் சீட்டை எடுத்து, பின்பக்கம் எழுதி என்னிடம் தள்ளினாள். 'உங்க அண்ணன்கிட்ட மூச்சு விடாதே.'

நானும் விடவில்லை. இரண்டு வாரம் அவள் வலது பக்கமே மென்று சாப்பிட்டாள். அண்ணன் கவனிக்கவில்லை. அறுவடை நெருங்கினால் அவன் கண்ணுக்கு எதிரே வீடு இடிந்தாலும் தாண்டிப் போய்விடுவான்.

லீவு போட்டுவிட்டு நான் வந்து இறங்கிய அன்று காலையிலேயே கூத்து ஆரம்பித்தது. அண்ணன் மேட்டு வயலிலிருந்து ஒரு கைப்பிடி சோளத்தை உருவிக்கொண்டு வந்து சமையலறை வாசலில் நின்றான். நின்றான் என்று சொல்வது தப்பு. கால் மாற்றிக் கால் மாற்றி மிதித்துக்கொண்டிருந்தான்.

"என்ன சொல்லுது?"

அண்ணி நாலு மணியை வாயில் போட்டாள். தாடை அசைந்தது. கண்ணை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்குப் பார்க்கலாம்."

தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். ரேடியோவோடுகூடச் சண்டை போடுகிற மனுஷன் இந்த ஒரு விஷயத்தில் மறுவார்த்தை பேசமாட்டான். மத்தியானம் இன்னொரு கைப்பிடி. சாயங்காலம் இன்னொன்று. இடையில் மிஷினுக்கு கிரீஸ் வைத்தான். வைத்த இடத்திலேயே மறுபடி வைத்தான். பெல்ட்டைக் கழற்றி மாட்டினான். வயலுக்குப் போனான், வந்தான், கேட்டைத் திறந்தான், மூடினான், எதற்கு மூடினோம் என்று திறந்தான். அவன் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே நமக்குக் கால் வலிக்கும்.

மறுநாளும் "நாளைக்கு". அதற்கு மறுநாளும் "நாளைக்கு".

அவன் வயலுக்குப் போன நேரம் பார்த்து நாங்கள் இருவரும் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து சோளம் கடித்தோம். வலது பக்கம் அண்ணிக்கு உறை போட்ட பல். அதில் எதைக் கடித்தாலும் டக். பல் போன ஈறில் வைத்து மேல் பல்லால் அழுத்தினாள். வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது. முன் பல்லால் கடித்தாள், துப்பினாள், மறுபடி கடித்தாள்.

"கருவியை எடுத்துப் பார்த்துடலாம் அண்ணி" என்றேன்.

பீரோவின் அடித்தட்டில் பழைய போர்வைக்கு அடியில் அது கிடந்தது. பேட்டரி கசிந்து, உள்ளே பச்சையாகப் பூத்துப் போயிருந்தது.

"டவுனுக்குப் போய்ப் புதுசு வாங்கிட்டு வந்துடறேன். போக வர ரெண்டு மணி நேரம்."

"வேணாம். கருவி வீட்டுக்குள்ள வந்தா அவருக்குத் தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா என்ன? பல்லுதானே போச்சு? திட்டுவாரா?"

அண்ணி போர்வையை மடித்து மேலே வைத்து பீரோவைச் சாத்தினாள். எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு வருஷம் குடும்பம் நடத்தியவள், ஒரு பல் போனதைச் சொல்ல மென்று விழுங்குகிறாளே என்று.

அன்று சாயங்காலம் அண்ணன் மிஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டான்.

"உங்க அண்ணி ஏன் இந்தத் தடவை இவ்வளவு தயங்குறா?"

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்குண்ணா" என்றேன்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்னவனுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நல்லவேளை, அவன் காதில் அது ஏறவே இல்லை. ஸ்பேனரை நீட்டச் சொன்னான்.

நாலாம் நாள் காலை ரேடியோவில் மழை சொன்னார்கள். நாளை சாயங்காலம் தொடங்கி ஒரு வாரத்துக்கு. அண்ணன் ரேடியோவை அணைத்தான். வயலுக்கு ஓடினான், கைப்பிடியோடு வந்தான். அவன் நீட்டிய வேகத்தில் மணிகள் தரையில் சிந்தின. அண்ணி கடித்தாள். வெகுநேரம் மென்றாள்.

"அறுத்துடலாம்" என்றாள்.

அவன் வாசலைத் தாண்டுவதற்குள் மிஷின் சத்தம் கேட்டது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், கிட்டத்தட்ட அப்படித்தான். நான் அண்ணியின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நிஜமாவே தெரிஞ்சுதா?"

"மழை வருது. இந்த மனுஷன் நடந்து நடந்தே விழுந்துடுவார் போல. என்ன செய்யச் சொல்றே?"

"தெரிஞ்சுதா, இல்லையா?"

"தெரியல" என்றாள்.

அண்ணி தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு டிராக்டருக்குப் போய்விட்டாள்.

அவர்கள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். மிஷின் நிற்காது. அது அறுத்துக்கொண்டே போக, அண்ணி அதை ஒட்டினாற்போல் டிராக்டரை அதே வேகத்தில் ஓட்டிப் போவாள். மிஷினின் குழாயிலிருந்து சோளம் டிரெய்லருக்குள் கொட்டும். ஒரு முழம் தள்ளிப் போனாலும் தானியம் மண்ணில். ஒரு முழம் நெருங்கினால் இரும்போடு இரும்பு உரசும். அந்த இரைச்சலில் பேச்சுக்கு இடமில்லை, எல்லாம் கைதான். உள்ளங்கை கீழே பார்த்தால் மெதுவாக. விரல் சுழன்றால் மூலையில் திரும்பப் போகிறேன். தலையில் கை வைத்தால் டிரெய்லர் நிரம்பிவிட்டது. அண்ணன் முன்னால் வரப்பைப் பார்ப்பான். அண்ணி அவனைப் பார்ப்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவர்கள் வாயால் பேசியதைவிடக் கையால் பேசியது அதிகம் இருக்கும்.

எனக்குக் குதிரடியில் வேலை. டிரெய்லர் வந்து கொட்டக் கொட்ட, தானியத்தை மேலே ஏற்றுகிற குழாய் மிஷினுக்குத் தள்ளிவிட வேண்டும். சோளத் தூசி கழுத்துக்குள் இறங்கினால் அரிப்பு அரிப்பென்று உயிரை வாங்கும். நான் தள்ளிக்கொண்டே ஒவ்வொரு கைப்பிடியையும் பார்த்தேன். ஈரமா, காய்ந்ததா? பார்க்க எல்லாம் அழகாகத்தான் இருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன். அண்ணி ஒவ்வொரு நடைக்கும் வந்து டிரெய்லரைச் சாய்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் கடைசி டிரெய்லரைக் கொட்டிக் குதிரின் மூடியைத் திருகவும் முதல் தூறல் விழவும் சரியாக இருந்தது. அண்ணன் மழையில் நனைந்துகொண்டே சிரித்தான். "பார்த்தியா? உங்க அண்ணி நாள் குறிச்சா குறிச்சதுதான்" என்று என் முதுகில் ஒன்று வைத்தான். அன்றைக்கு ஒரு டம்ளர் டீயை முழுசாகக் குடித்தான்.

அவன் அமைதியானதும் அண்ணிக்கு ஆரம்பித்தது. குதிரின் பக்கவாட்டில் விரல் நுழைகிற அளவுக்கு மூடி போட்ட ஒரு துளை உண்டு. அதன் வழியாக ஒரு நீள இரும்புக் கம்பியைத் தானியத்துக்குள் நடுப்பகுதி வரை செருகி வைப்பாள். கொஞ்ச நேரம் கழித்து உருவி, மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பாள். குளிர்ந்திருந்தால் உள்ளே சூடில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போனாள். அடுப்பில் ஒன்றை வைத்துவிட்டுப் போவாள், வந்து கிளறிவிட்டுப் போவாள். மழையில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அவள் போவதும் வருவதுமாக இருந்ததைப் பார்த்து, சக்கரம் யார் காலுக்கு மாறிவிட்டது என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

முதல் நாள் கம்பி ஜில்லென்று இருந்தது. இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் சாயங்காலம் ஜில்லென்று இல்லை. நாலாம் நாள் காலை உருவியவள், மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது.

கம்பியைக் கையில் பிடித்தபடியே ஷெட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அண்ணன் அங்கே எதையோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான்.

"குதிர் சூடாயிருச்சு" என்றாள் அண்ணி. "அறுத்திருக்கக் கூடாது. எனக்கு அந்தப் பல்லு இல்ல. போன மாசமே பிடுங்கிட்டாங்க. சும்மாதான் சொன்னேன்."

அண்ணன் கம்பியைத் தொட்டான். அவள் வாயைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் ஒரு சாக்கு மூட்டையைப் பார்த்தேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்க் குதிரின் ஏணியில் ஏறினான். மூடியைத் திறந்து தோள்பட்டை வரை கையை விட்டான். இறங்கி வந்தவன் சொன்னது ஒரே வார்த்தை.

"இறக்குங்க."

மழை கொட்டுகிறது. எங்கே இறக்குவது? ஷெட்டில் இருந்ததையெல்லாம் வெளியே தள்ளி அங்கே பரப்பினோம். போதவில்லை. வீட்டுக்குள் கொண்டு வந்தோம். கூடத்தில் நாற்காலிகளைக் கவிழ்த்து மேலே அடுக்கி, தரை முழுக்கச் சோளம். படுக்கையறையில் கட்டிலுக்கு அடியில்கூடச் சோளம். சமையலறையில் அடுப்புக்குப் போக ஒரு அடி அகலத்துக்கு வழி விட்டோம். இருந்த மின்விசிறிகளை எல்லாம் போட்டோம், ஜன்னல்களை மழைக்குத் தகுந்தபடி திறந்தோம். குதிரின் நடுவில் இருந்தது ஏற்கெனவே புளித்து வாடை அடித்தது. பன்னிரண்டு மூட்டை. அதைக் குழியில் கொட்டினோம்.

பரப்பினால் மட்டும் போதாது, கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குக் காலைவிட நல்ல கருவி இல்லை. வெறுங்காலைத் தானியத்துக்குள் இழுத்து இழுத்து நடக்க வேண்டும், வரிசை வரிசையாக. கூடத்திலிருந்து படுக்கையறை, படுக்கையறையிலிருந்து சமையலறை, அங்கிருந்து ஷெட், மறுபடி கூடம். அண்ணன் நடந்தான். அன்று முழுக்க அண்ணியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கூடத்தில் அவள் எதிரே வந்தால் சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டான். மறுநாள் மத்தியானம்தான் வாயைத் திறந்தான், அதுவும் நடந்துகொண்டே.

"பன்னிரண்டு மூட்டை போனா போகுது. ஒரு பல்லு போனதை எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் என்ன வேத்து ஆளா?"

அண்ணி எதிர்ச் சுவரோரமாகக் காலை இழுத்துக்கொண்டிருந்தாள். நிற்கவில்லை.

"இந்த மிஷினை வாங்கும்போது எங்கிட்ட கேட்டீங்களா? தெருவுல சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தேன், நீங்க மேல உட்கார்ந்திருந்தீங்க. கூரை ஓடுகளை மாத்தித் தகரம் போட்டீங்க. வேலைக்காரங்க ஏணியோட வந்தப்பதான் எனக்குத் தெரியும். நான் வளர்த்த மாட்டை வித்தீங்க. கயிறு மட்டும் கிடந்துச்சு."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"வருஷத்துல நாலு நாள் எங்கிட்ட ஒண்ணு கேட்பீங்க. நான் சொல்ற வரைக்கும் காத்திருப்பீங்க. அது ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னு எந்த வாயால சொல்றது?"

அண்ணன் அப்படியே நின்றுவிட்டான், கணுக்கால் அளவு சோளத்தில். என் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. திட்டுவாரா என்று அன்றைக்குக் கேட்டேனே, அதற்காக வெட்கமாக இருந்தது. டோக்கன் கொடுக்கிற மேசையில் உட்கார்ந்து ஆயிரம் வாய்களைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு வாயில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். அவனோ என் பக்கம் திரும்பி, "டவுனுக்குப் போய் ஒரு கருவி வாங்கிட்டு வா" என்றான். மறுபடி நடக்க ஆரம்பித்தான்.

வாங்கி வந்தேன். என்ன செய்வது, சோளம் காப்பாற்றப்பட வேண்டுமே. இன்னும் மூன்று நாள் நடந்தோம், மாற்றி மாற்றி. தூங்கும்போதும் கால் இழுத்தது. மூன்றாம் நாள் மழை விட்டது. கருவி ஒவ்வொரு அறையிலும் ஒரே எண்ணைக் காட்டியது. அண்ணன் இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, "ஏத்தலாம்" என்றான். அண்ணியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தவள் போல் இல்லை. கூடையைத் தூக்கினாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் குதிருக்குள் போய்விட்டது. அவள் துடைப்பத்தை எடுத்து வந்து கட்டிலுக்கு அடியிலிருந்து மிச்ச மணிகளைப் பெருக்கினாள். எனக்கு அண்ணனைப் பிடித்துக் கிணற்றில் தள்ளலாம் போல் இருந்தது.

மறுநாள் காலை நான் கிளம்புவதற்காக, சமையல் செய்துகொண்டிருந்த அண்ணிக்குப் பின்னால் உட்கார்ந்து பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் சமையலறைப் பக்கம் வந்தான். உள்ளே எட்டிப் பார்த்தான், போனான், திரும்பி வந்தான். தொண்டையைச் செருமினான்.

"இந்தா... மேட்டு வயல்ல அடுத்த வருஷம் என்ன போடலாம்?"

அண்ணி திரும்பிப் பார்த்தாள். யாரைக் கேட்கிறான் என்று பின்னால் என்னையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"என்னையா கேட்கிறீங்க?"

"வேற யாரு இருக்கா இங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்."

"எப்போ சொல்லுவே?"

"யோசிச்சதும்."

அண்ணன் கேட்டைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்துகொண்டு வெளியே போனான். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணி சிரிக்கவில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக மேட்டு வயல் பக்கம் பார்த்தாள்.

யோசிக்க அவள் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டாள். தினமும் கிளினிக்குக்கு அண்ணனிடமிருந்து போன் வந்தது. "உங்கிட்ட ஏதாவது சொன்னாளா?" என்பான். இல்லை என்றதும் வைத்துவிடுவான். பத்தாம் நாள் அண்ணி சொல்லிவிட்டாளாம். அந்த மண் களைத்துப் போயிருக்கிறது, ஒரு வருஷம் எதுவும் போட வேண்டாம், சும்மா கிடக்கட்டும் என்று.

மேட்டு வயல் இப்போது சும்மாதான் கிடக்கிறது. அண்ணன் தினமும் நாலு தடவை போய் அதைப் பார்த்துவிட்டு வருகிறான்.